பெட்டி தேடு படலம்

டிஜிட்டல் மியூசிக் பிளேயர் வாங்குமுன் எதை எதோடு ஒப்பிட வேண்டும்? கண் தெரியாத ஒருவருக்காகத் தில்லியில் கடை கடையாக ஏறி இறங்கியதில் கிடைத்த பதில்.

உலகம் ஒரு பொருளுக்குக் காரியம் செய்து முடித்த பிறகு அதை வாங்கக் கிளம்புவதில் ஒரு வசதி உண்டு. விளம்பரத் தொல்லை கிடையாது. 'இன்றே கடைசி' என்று யாரும் அவசரப்படுத்துவதில்லை. ஒரே சங்கடம், எந்தக் கடையில் ஏறினாலும் கடைக்காரர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். "அதுதான் போனிலேயே வருகிறதே?" என்ற ஒரே கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

கைக்கு அடக்கமான டிஜிட்டல் மியூசிக் பிளேயரைத்தான் சொல்கிறேன். 2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபாடை அறிமுகப்படுத்தியபோது, சட்டைப் பையில் ஆயிரம் பாட்டு என்பதே ஒரு செய்தி. அந்த வம்சத்தின் கடைசி வாரிசான ஐபாட் டச்சை நிறுத்திவிட்டதாக 2022 மே 10 அன்று அதே நிறுவனம் அறிவித்தது. இடையில் இருபதரை ஆண்டுதான். ஒரு டேப் ரிக்கார்டரின் ஆயுள்கூட அதைவிட அதிகம்.

அந்த ஆயுள் முடிந்த டேப் ரிக்கார்டர் ஒன்றுதான் என்னைக் கடைக்கு அனுப்பியது. அது அம்மாவுடையது. அம்மாவுக்கு வயது 76. கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் முதலில் பக்கவாட்டுப் பார்வையைத் தின்றது. பிறகு நடுப்பார்வையையும் எடுத்துக்கொண்டது. இந்த நோயில் போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. ஐந்து வருடங்களாக அவருக்கு வெளிச்சம், இருட்டு என்ற வித்தியாசம் மட்டும்தான் தெரிகிறது. லால்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தில்லிக்கு வந்தவர். ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் முப்பது வருடம், அப்பா போன பிறகு மயூர் விஹாரில் என்னோடு. பகல் நேரத்தில் வீட்டில் அவரோடு தமிழ் பேச ஆள் கிடையாது. அந்த நேரத்தை நிரப்பியது 140 கேசட்டுகள் கொண்ட ஒரு டிரங்குப் பெட்டியும் அந்த டேப் ரிக்கார்டரும்தான்.

ரிக்கார்டரின் முன்பக்கத்தில் ஆர்மோனியக் கட்டைகள் மாதிரி ஆறு கட்டைகள். பார்வை போன பிறகும் அம்மா அவற்றை ஒரு தடவைகூடத் தவறாக அழுத்தியதில்லை. பெல்ட் இளகி, ஹெட் தேய்ந்து, பாட்டு இழுக்க ஆரம்பித்தது. பழுது பார்த்துத் தந்துகொண்டிருந்த கரோல் பாக் மெக்கானிக் மொபைல் போனுக்குத் தொழில் மாறிவிட்டார். "பார்ட்ஸ் எங்கே வருகிறது?" என்று கையை விரித்தார்.

போன் ஏன் உதவவில்லை என்று கேட்பீர்கள். பார்வையில்லாதவர்களால் ஸ்மார்ட்போனைக் கையாள முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக் என்ற வசதி இருக்கிறது. விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழிலேயே சொல்லும். என்னோடு வேலை பார்த்த பார்வையற்ற நிருபர் ஒருவர் அதை வைத்துக்கொண்டு என்னைவிட வேகமாகச் செய்தி அனுப்புவார். ஆனால் அவர் பள்ளிக்கூட வயதில் பழகியவர். எழுபதை ஒட்டிப் பார்வையை இழந்தவருக்கு அந்தக் கண்ணாடிப் பலகை வழுக்குப் பாறை. விரலை வைத்தால் ஏதோ பேசுகிறது, எடுத்தால் யாருக்கோ அழைப்பு போகிறது. இரண்டு மாதம் பொறுமையாகப் பழகிப் பார்த்துவிட்டு, "இதுல பிடிமானம் இல்லம்மா" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கேட்டால் பாடும் ஸ்பீக்கர்? அதனிடம் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது. அம்மாவின் கேசட்டுகள் இல்லை. சரி, பாட்டுப் போட வீட்டில் ஆளா இல்லை? நான் இருக்கிறேன். கல்லூரிக்குப் போகும் என் மகன் இருக்கிறான். இதற்கு அம்மா சொன்ன பதில்தான் என் தேடலுக்கு அளவுகோல் ஆனது. "ஒருத்தரக் கூப்பிட்டுப் போடச் சொன்னா அது என் பாட்டு இல்ல. அவங்க போட்ட பாட்டு."

எந்தப் பொருளை வாங்கும் முன்பும் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு ஒப்பிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அப்பாவிடமிருந்து வந்தது. மாடல் பெயர்கள் இடப்பக்கம், குணங்கள் மேல்வரிசையில். குணங்களை எங்கிருந்து எடுப்பது? அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதிலிருந்து. கொள்ளளவு எத்தனை ஜிபி, என்னென்ன வடிவக் கோப்புகளைப் பாடும், பேட்டரி எத்தனை மணி நேரம், ஒலித் தரம் எத்தனை பிட். இவற்றில் எது நமக்கு வேண்டும் என்று தெரிய வேண்டுமானால், பாட்டு எப்படி எண்ணாகிறது என்ற சங்கதியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சி.டி.யில் ஒரு வினாடிப் பாட்டு 44,100 மாதிரிகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு மாதிரியும் 16 பிட். இடது, வலது என்று இரண்டு தடம். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 14 லட்சத்துச் சொச்சம் பிட்டுகள், அதாவது நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஃப்ரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இதைச் சுருக்கும் வழிக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். அதன் விளைவுக்கு 1995இல் எம்பி3 என்று பெயர் சூட்டினார்கள். சூத்திரம் எளியது. ஒரு பெரிய சத்தம் கேட்கும்போது அதை ஒட்டிய சின்னச் சத்தம் காதில் விழாது. விழாததை எதற்குச் சேமிக்க வேண்டும்? வினாடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் சுருக்கினால் பாட்டு பதினொன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மெகாபைட்.

1998இல் தென் கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்ற பிளேயரையும், அதே ஆண்டில் அமெரிக்காவின் டைமண்ட் நிறுவனம் ரியோவையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. இரண்டிலும் அடிப்படைக் கொள்ளளவு 32 மெகாபைட். அதாவது அரை மணி நேரப் பாட்டு. ஓர் அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம்! இதற்கே அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் ரியோ மீது வழக்குப் போட்டது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரியோவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இந்தத் தொழிலுக்கு மூச்சு வந்தது. இன்று சுண்டுவிரல் நகம் அளவுள்ள 32 ஜிபி கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கொள்ளளவு ஆயிரம் மடங்கு. 128 கிலோபிட்டில் 550 மணி நேரம் பாடும். இரவு பகல் பாராமல் கேட்டாலும் மூன்று வாரம் தாண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டதும் கட்டத்தில் சில பத்திகள் தாமாகவே அடிபட்டுப் போயின. முதலில் அடிபட்டது உயர்தர ஒலி. விலை உயர்ந்த பிளேயர்கள் 24 பிட், வினாடிக்கு 192 ஆயிரம் மாதிரிகள் என்று பேசுகின்றன. ஓர் ஒலியைத் திரும்பக் கட்டியெழுப்ப, அதன் அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்கு மாதிரி போதும். 44,100 மாதிரிகள் இருந்தாலே 22,000 ஹெர்ட்ஸ் வரை வந்துவிடும். நல்ல இளம் காது கேட்பதே 20,000 வரைதான். வயதாக ஆக, மேல்பக்கத்து ஓசைகள் முதலில் விடைபெறுகின்றன. அம்மாவின் கேசட்டுகளோ வானொலியிலிருந்து பதிவு செய்தவை, அவற்றில் அந்த மேல்பக்கத்து ஓசைகள் ஆரம்பத்திலிருந்தே கிடையாது. சோனி நிறுவனம் வாக்மேன் என்ற பழைய பெயரிலேயே 2023 தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மாடலின் விலை சுமார் 26,000 ரூபாய். நல்ல கருவி. ஆனால் அது ஆண்ட்ராய்டில் ஓடுவது, அதன் முகமும் கண்ணாடி. நோட்டில் அதன்மேல் ஒரு கோடு.

அடுத்தது, பேசும் பிளேயர்கள். 2005இல் வந்த ஐபாட் ஷஃபிளுக்குத் திரையே கிடையாது. 2009இல் வந்த அதன் மூன்றாவது தலைமுறை, ஓடும் பாட்டின் பெயரைக் காதில் சொல்லும். திரை இல்லாத குறையை நிரப்பச் செய்த ஏற்பாடு, கண் இல்லாதவர்களுக்கும் உதவியது. அது பேசிய 14 மொழிகளில் தமிழ் இல்லை. 2017 ஜூலையில் அதையும் நிறுத்திவிட்டார்கள். பழையது வாங்கலாம் என்றால், உள்ளே உறைந்திருக்கும் பேட்டரி எந்த நிலையில் இருக்கும் என்று யார் சொல்வது? தன்னார்வலர்கள் 2001இலிருந்து எழுதி வளர்த்த ராக்பாக்ஸ் என்ற மென்பொருளையும் விசாரித்தேன். சில பழைய பிளேயர்களில் அதை ஏற்றினால் பட்டியல்களைப் படித்துக் காட்டும். ஒவ்வொரு தொகுப்பின் பெயரையும் நம் குரலிலேயே பதிந்து வைக்கலாம். அருமையான யோசனை. ஆனால் அதற்கு ஏற்ற மாடல்களில் பெரும்பாலானவை இன்று கடையில் கிடைப்பதில்லை.

பார்வையற்றோருக்காகவே செய்த பிளேயர்களும் உண்டு. பேசும் புத்தகங்களுக்காக 1990களில் உருவான டெய்சி என்ற தர முறையை ஒட்டியவை. கனடாவின் ஹியூமன்வேர் நிறுவனம் தயாரிக்கும் விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் அவற்றில் பேர் பெற்றது. பழைய பட்டன் போன் மாதிரி மேடு பள்ளமான பொத்தான்கள், விட்ட இடத்தை நினைவில் வைக்கும் குணம், எதை அழுத்தினாலும் குரலில் பதில். ஆர்.கே.புரத்தில் இருக்கும் ஓர் அமைப்பில் இந்த வகைக் கருவி ஒன்றை அம்மாவின் கையில் கொடுத்தார்கள். தடவிப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. பிறகு பொத்தான்களை எண்ண ஆரம்பித்தார். பதினைந்தைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டார். படிக்கிற பிள்ளைகளுக்கு அது வரப்பிரசாதம். புத்தகத்துக்குள் அத்தியாயம், பக்கம் என்று தாவிப் போக அத்தனை பொத்தானும் வேண்டும். அம்மாவுக்கு வேண்டியது அது அல்ல. விலையும் பல்லாயிரம்.

முதியவர்களை மனதில் வைத்து நம் நாட்டில் ஒரு பெட்டி வந்திருப்பதைச் சொல்லாமல் விட முடியாது. சரிகம நிறுவனம் 2017இல் கொண்டுவந்த காரவான் 5,000 பழைய பாட்டுகளோடு வந்தது. தமிழுக்கென்று தனிப் பெட்டியும் பின்னால் வந்தது. குமிழைத் திருப்பினால் பாட்டு. பக்கத்து பிளாக்கில் ஒரு மாமி வீட்டில் இருக்கிறது. அம்மா போய் ஒரு சாயங்காலம் முழுக்கக் கேட்டுவிட்டு வந்தார். "எல்லாம் நல்ல பாட்டு. ஆனா அது வேற யாரோ அடுக்கி வச்ச அலமாரி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுச் சமையலைப் பாராட்டுகிற தொனிதான்.

மிஞ்சியது மலிவுச் சந்தை. செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் லஜ்பத் ராய் மார்க்கெட்டில் வயர், ஸ்பீக்கர், பேட்டரி, ரிமோட் என்று எல்லாம் கொட்டிக் கிடக்கும். சட்டையில் குத்திக்கொள்ளும் தீப்பெட்டி அளவு பிளேயர் 400 ரூபாயிலிருந்து ஆரம்பம். ஒரு நாள் காலை, கூட்டம் சேருமுன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அவரை உட்கார வைக்க ஒரு கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போட்டார். "மாதாஜிக்கா?" என்று கேட்டுவிட்டு, கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்.

அம்மா சோதித்த விதம் எந்த அட்டைப் பெட்டியிலும் எழுதியிருக்காது. முதலில் பெட்டியைக் கையில் உருட்டி, "இதுல எது மேல, எது கீழ?" என்று கேட்டார். நான்கு பக்கமும் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தால் உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்து, ஒரு பொத்தானுக்கு எத்தனை வேலை? இந்தச் சின்ன பிளேயர்களில் லேசாகத் தட்டினால் அடுத்த பாட்டு, அழுத்திப் பிடித்தால் சத்தம் கூடும். "ஒரு வாசல்ல ரெண்டு வீடா?" என்று கேட்டு அவற்றையும் ஒதுக்கினார். மூன்றாவது சோதனைதான் என்னை யோசிக்க வைத்தது. "இது இப்போ ஓடுதா, நின்னுருக்கா? தொட்டா எப்படித் தெரியும்?"

டேப் ரிக்கார்டரின் கட்டை அழுத்தினால் கீழேயே நிற்கும். விரல் வைத்த மாத்திரத்தில் அது ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். டிஜிட்டல் பொத்தான் அழுத்தியதும் மேலே வந்துவிடுகிறது. அதன் நிலையைச் சொல்வது திரைதான். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டைக் கொண்டுவந்த காலத்தில் யாரும் பார்வையற்றோரை நினைத்து அந்தக் கட்டைகளை அமைத்திருக்க மாட்டார்கள். இயந்திரம் அப்படித்தான் வேலை செய்தது. இயந்திரத்தின் உடம்பே செய்தி சொன்னது. உடம்பு சுருங்கி மறைந்ததும் செய்தி முழுக்கக் கண்ணுக்குப் போய்விட்டது.

கேசட்டுக்கும் அப்படி ஓர் உடம்பு உண்டு என்பது வீட்டுக்குத் திரும்பி வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது உறைத்தது. பார்வை மங்கத் தொடங்கிய வருடங்களில் அம்மா ஒவ்வொரு கேசட் உறையிலும் ஓர் அடையாளம் வைத்திருந்தார். ஒன்றில் நூல் முடிச்சு, ஒன்றில் ரப்பர் பேண்ட், ஒன்றில் கத்தியால் இரண்டு கீறல், ஒன்றில் ஒட்டவைத்த சட்டைப் பொத்தான். விரலால் தடவி, வேண்டிய கேசட்டை எடுப்பார். நான் இத்தனையையும் நகம் அளவுள்ள ஒரே கார்டில் ஏற்றிக் கொடுப்பதை முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கையில், அம்மாவுக்கு அது 140 பிடிகளையும் வெட்டி எறிவதற்குச் சமம். கொள்ளளவு என்ற பத்தியில் எண் ஏற ஏற மதிப்பெண் கூடும் என்பது வியாபாரத்தின் கணக்கு. அம்மாவின் கணக்கில் அது தலைகீழ்.

அப்படியானால் விடையும் தலைகீழாகத்தானே இருக்க வேண்டும்? ஒரு பெரிய கார்டுக்குப் பதில் பல சின்ன பென் டிரைவ்கள். ஒவ்வொன்றும் ஒரு கேசட். ஒவ்வொன்றின் வாலிலும் ஓர் அடையாளம். செருகினால் பாட ஆரம்பிக்க வேண்டும், உருவினால் நிற்க வேண்டும். செருகியிருக்கிறதா இல்லையா என்பதை விரல் சொல்லிவிடும். பார்க்க வேண்டிய திரையே வேண்டாம்.

மறுபடியும் லஜ்பத் ராய் மார்க்கெட். இம்முறை தேடியது அரைச் செங்கல் அளவில், எஃப்எம்மும் யுஎஸ்பி துளையும் உள்ள சாதாரணப் பெட்டி. காய்கறி வண்டிக்காரர்களும் பாதுகாவலர்களும் வைத்திருப்பார்களே, அது. நான்கு மாடல்களை ஒப்பிட்டேன். ஒன்றில் யுஎஸ்பி துளை முதுகுப் பக்கம், செருகினால் பெட்டி படுக்காது. ஒன்று இயக்கியதும் சீனப் பெண் குரலில் ஏதோ அறிவித்தது. ஒன்று அணைத்துவிட்டுப் போட்டால் முழுச் சத்தத்தில் அலறியது. நான்காவதில் துளை மேற்பக்கம். சத்தத்துக்கு உருட்டும் சக்கரம், அதன் நிலை விரலுக்குத் தெரியும். இயக்குவதற்கு நகர்த்தும் ஸ்விட்ச், அதுவும் தன் நிலையைத் தானே சொல்லும். முன், பின் என்று இரண்டே பொத்தான்கள். பழைய நோக்கியா போன்களில் இருந்த அதே பிஎல்-5சி பேட்டரி. தெருமுனைக் கடையிலும் கிடைக்கும், நாமே மாற்றலாம். விலை 850 ரூபாய். இன்று எந்த மின்னணுப் பொருளை வாங்குவதானாலும், பேட்டரியை வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அதன் ஆயுள் எத்தனை வருடம் என்பதற்குப் பாதி விடை அதில் இருக்கிறது.

பென் டிரைவ் பன்னிரண்டு வாங்கினேன். ஒன்று 320 ரூபாய். மொத்தம் 3,840. பாடும் பெட்டியைப் போல நாலரை மடங்கு! "32 ஜிபியில் பதினைந்து பாட்டா?" என்று திருச்சியிலிருந்து அண்ணன் போனில் சிரித்தார். சிரிப்பில் நியாயம் உண்டு. சிறிய கொள்ளளவு டிரைவ்கள் கடையில் கிடைப்பதே அரிதாகிவிட்டது. ஆனால் அந்த உபரி இடம் வேறொரு விதத்தில் பயன்பட்டது.

140 கேசட்டுகளில் பன்னிரண்டை மட்டும் எடுக்கச் சொன்னபோது அம்மா மூன்று நாள் எடுத்துக்கொண்டார். திருச்சி வானொலியில் பிடித்த நாதசுரம், ஒரு பட்டிமன்றம், எங்கள் ஊர்த் தேர்த் திருவிழா, சினிமாப் பாட்டில் நான்கு. அவற்றுக்கு நடுவில் ஒன்று, 1986இல் அம்மாச்சி அனுப்பிய கேசட். அம்மாச்சிக்கு எழுதத் தெரியாது. தில்லியில் இருக்கும் மகளுக்குச் சொல்ல வேண்டியதைப் பக்கத்து வீட்டுப் பையனின் ரிக்கார்டரில் பேசி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். வளைகுடாவுக்குப் போனவர்களின் வீடுகளில் இப்படிப் பேசும் கடிதங்கள் அந்தக் காலத்தில் சாதாரணம். எங்கள் வீட்டில் இருப்பது இந்த ஒன்றுதான். அம்மாச்சியின் குரல் வேறு எங்கும் இல்லை.

கேசட்டை எண்ணாக்குவதில் குறுக்கு வழி கிடையாது. தொண்ணூறு நிமிடக் கேசட்டுக்குத் தொண்ணூறு நிமிடம் ஆகும். இரவல் வாங்கிய டெக்கை ஒரு வயரில் கணினியோடு இணைத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்தேன். அதில் இரைச்சலைக் குறைக்க ஒரு வசதி உண்டு. பேச்சில்லாத இடத்தை மாதிரியாகக் காட்டினால், அதே போன்ற ஓசையை முழுப் பதிவிலிருந்தும் கழித்துவிடும். அம்மாச்சியின் கேசட்டில் முயன்றபோது நாடாவின் 'உஸ்' சத்தம் அடங்கியது. கூடவே பின்னால் யாரோ நெல் புடைக்கும் சத்தமும் தேய்ந்து போனது. முன்னும் பின்னும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "அது இரைச்சல் இல்லம்மா. அது எங்க திண்ணை" என்றார்.

மொழிபெயர்ப்பு வேலையில் தினமும் சந்திக்கும் கேள்விதான் இது. மூலத்தில் எது சரக்கு, எது வெறும் ஒலி? பத்திரிகை ஆசிரியருக்குத் தேவையற்றதாகப் படும் ஒரு 'அப்புறம்', பேசியவரின் ஊரையே வைத்திருக்கும். எம்பி3யும் ஒரு வகையில் அப்படித் தீர்மானிக்கும் ஆசிரியர்தான், எது காதில் விழாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. சினிமாப் பாட்டுகளை அதன் பொறுப்பில் விட்டேன், பாதகமில்லை. அம்மாச்சியின் கேசட்டை மட்டும் துடைக்காமலும் சுருக்காமலும் அப்படியே வைத்தேன். தொண்ணூறு நிமிடம் ஒரு ஜிபிக்குள் அடங்கியது. பெட்டியும் அந்தச் சுருக்காத வடிவத்தைப் பாடும். அண்ணன் சிரித்த 32 ஜிபி இங்கே கைகொடுத்தது.

வாலில் கட்டிய அடையாளங்களை அம்மாவே தேர்ந்தெடுத்தார். நாதசுரத்துக்குச் சின்ன மணி. பட்டிமன்றத்துக்கு இரண்டு முடிச்சு. தேருக்கு வடக்கயிற்றுத் துண்டு. அம்மாச்சிக்குச் சோழி. ஒவ்வொரு டிரைவின் தொடக்கத்திலும் இன்னது என்று என் குரலில் ஒரு வரி பதியட்டுமா என்று கேட்டேன். "கையிலதான் சோழி இருக்கே. அதையும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றார். பதியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கேசட் விட்ட இடத்தைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கும், எந்த ரிக்கார்டரில் போட்டாலும் அங்கிருந்தே தொடரும். இந்தப் பெட்டி டிரைவை மாற்றினால் முதலிலிருந்துதான் ஆரம்பிக்கும். பாட்டுகளைப் பெயர் வரிசையில் பாடாமல், நாம் பதிவேற்றிய வரிசையில்தான் பாடும். அதனால் கேசட்டில் இருந்த அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டியிருந்தது. நீண்ட பதிவுகளைப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டியதில், முன் பொத்தானைத் தட்டி வேண்டிய இடத்துக்குப் போக முடிகிறது. பெட்டியின் ஸ்பீக்கர் சுமார்தான். சங்கீத ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு வேறு கட்டம், வேறு பத்திகள்.

இதைப் படிப்பவர்களில் சிலர் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். கடைக்குப் போகும்போது கொள்ளளவும் பிட்டும் கடைசிக் கேள்விகளாக இருக்கட்டும். முதலில் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கருவியைக் கையில் வாங்குங்கள். மேல் கீழ் தெரிகிறதா, ஒரு பொத்தானுக்கு ஒரே வேலையா, ஓடுகிறதா நிற்கிறதா என்பதை விரல் அறியுமா, பேட்டரியைக் கழற்ற முடியுமா? நான்குக்கும் ஆம் என்றால் விலையைக் கேளுங்கள். முடிந்தால் யாருக்காக வாங்குகிறீர்களோ, அவரையே அழைத்துப் போங்கள்.

பென் டிரைவும் அழியாத பொருள் அல்ல. அதில் பாட்டு இருப்பது நுண்ணிய மின்னூட்டமாக. பல வருடம் தொடாமல் போட்டுவைத்தால் அந்த மின்னூட்டம் கசிந்துவிடக்கூடும். அதனால் எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதிகள் எடுத்திருக்கிறேன். ஒன்று என் கணினியில், ஒன்று திருச்சியில் அண்ணனிடம். வருடத்துக்கு ஒரு முறை திறந்து சரிபார்க்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். போன வாரம் போன் செய்தார். சரிபார்க்கத் திறந்தவர் தொண்ணூறு நிமிடமும் கேட்டிருக்கிறார். அம்மாச்சி அதில் அவருடைய பரீட்சை மார்க்கையும் விசாரித்திருக்கிறாராம்.